அப்பா குடித்தவர், எனக்குத் தூக்கம் வரவில்லை: எந்த மாத்திரை?

அப்பாவின் 16-ஆம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் எனக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. இரவு 2 மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து விழிப்பு வரும். அதற்கப்புறம் விடியும்வரை மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பேன். டாக்டரிடம் போனேன். அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம், இரவு ஒன்று, 30 நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடை கவுண்டரில் 11 வருடம் நின்றவன் நான். அந்த அட்டையை எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. “அரை மாத்திரை போட்டாலே ஆளைச் சாச்சுடுது தம்பி” என்று சொல்பவர்கள்தான் அதிகம். சீட்டில் 30 இருந்தாலும் நான் 10 மாத்திரை உள்ள ஓர் அட்டைதான் எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் அரை. ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் முழுசு. ஒரு மணி நேரம் கழித்தும் நிமிர்ந்து உட்கார்ந்து ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்ச் சரியில்லையோ என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது மாத்திரைக்குக் கை போனபோது என்னவோ தோன்றி அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா நர்ஸ். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“உனக்கு ஏறலைன்னு சொல்றப்ப எனக்கு அப்பா ஞாபகம்தான்டா வருது. ரெண்டு குவார்ட்டர் போட்டுட்டு, சைக்கிள்ல ஆளையும் ஏத்திக்கிட்டு நேரா ஓட்டிட்டு வருவாரே, ஒரு ஆட்டம் இருக்காதே. இன்னொன்னு போடாத. நாளைக்குப் பேசலாம்.”

அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த விஷயத்தை அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். குடிநோயாளியின் பிள்ளைக்குத் தூக்கமின்மையோ பதற்றமோ வந்தால் முன்னால் இருக்கும் வழிகளை எப்படித் தரம் பிரிப்பது என்று நான் போட்ட கணக்கு இது. நான் டாக்டர் இல்லை. கடைசி முடிவு உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டியது. ஆனால் எந்தக் கேள்வியோடு போய் உட்காருவது என்பதை இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் சான் டியாகோவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல மருத்துவர் 1978-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 20 வயதை ஒட்டிய ஆண்கள். சிலருக்கு அப்பா குடிநோயாளி, சிலருக்கு அப்படி யாரும் இல்லை. எல்லோருக்கும் அளந்து மது கொடுத்து, எவ்வளவு போதை தெரிகிறது என்று கேட்டார். நிற்கும்போது உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்றும் அளந்தார். ரத்தத்தில் மது ஒரே அளவு இருந்தும், குடிநோயாளிகளின் மகன்கள் பலருக்கு ஆட்டம் குறைவு. ‘ஏறிடுச்சு’ என்ற உணர்வும் குறைவு. சுமார் 10 வருடம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் போனார். 1994-ல் வந்த கணக்கு இது: குடிநோயாளிகளின் மகன்களில், போதை குறைவாகத் தெரிந்தவர்களில் 56 சதவீதம் பேர் தாங்களும் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். போதை நன்றாகத் தெரிந்தவர்களில் 14 சதவீதம் பேர்தான்.

நம் ஊரில் இதற்குக் ‘கெப்பாசிட்டி’ என்று பெயர். “எவ்வளவு ஊத்தினாலும் ஸ்டெடியா இருப்பான்” என்று கல்யாண வீட்டு மொட்டை மாடியில் மெச்சிப் பேசுவது இதைத்தான். அப்பாவை அப்படி மெச்சாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது.

சரி, மதுவுக்கும் தூக்க மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? மூளையில் காபா என்ற ஒரு பொருள் இருக்கிறது. நரம்புகளின் துடிப்பை அடக்குவது அதன் வேலை. அது போய் உட்காரும் ஏற்பியில்தான் மதுவும் தன் வேலையில் பெரும் பங்கைக் காட்டுகிறது; அல்பிரசோலம், லோராசெபம், டையசெபம், குளோனசெபம் எல்லாம் அடங்கிய பென்சோடையசெபைன் குடும்பமும் அங்கேதான் கை வைக்கிறது. அதனால்தான் குடியை நிறுத்தும் வார்டில் கை நடுக்கமும் வலிப்பும் வராமலிருக்க இதே குடும்பத்து மருந்தைக் கொடுக்கிறார்கள். கல்லீரல் கெட்டவர்களுக்கு அதில் லோராசெபம். அப்பாவுக்கும் அதுதான் ஏற்றினார்கள். அப்பாவின் நடுக்கத்துக்குப் போன மருந்தின் தம்பிதான் என் சீட்டில் இருந்தது. 11 வருடம் மருந்து விற்றவனுக்கு அது அன்றுவரை உறைக்கவில்லை.

1995-ல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் இருக்கும் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் நோரா வோல்கோவின் குழு இதை நேரடியாகவே பார்த்தது. குடும்பத்தில் குடிநோய் உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம். லோராசெபம் கொடுத்து, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். மருந்து போனதும் எல்லோருக்குமே மூளையின் வேகம் குறைந்தது. பெரும்பாலான பகுதிகளில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. சிறுமூளையில் மட்டும் இருந்தது. குடும்ப வரலாறு உள்ளவர்களின் சிறுமூளை மருந்துக்கு முன்பே சற்று மந்தம். மருந்து போன பிறகு அங்கே ஏற்பட்ட மாற்றமும் குறைவு. நிதானம், நடை, தள்ளாட்டம் எல்லாம் சிறுமூளையின் பொறுப்பு. அப்பாவின் சைக்கிள் ஏன் ஆடவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

வளர்ப்பா, ரத்தமா என்ற கேள்வியும் வரும். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளை வைத்து 1973-ல் வந்த ஆய்வில், வேறு வீட்டில் வளர்ந்தபோதும் குடிநோயாளிக்குப் பிறந்த மகன்களில் 18 சதவீதம் பேர் குடிநோயாளி ஆனார்கள். மற்றவர்களில் 5 சதவீதம். பரம்பரையின் பங்கு ஏறக்குறையப் பாதி என்பதுதான் பின்னால் வந்த ஆய்வுகளின் கணக்கும். ஒரு தனி மரபணு என்று எதுவும் இல்லை. பல சின்னச் சின்ன விஷயங்கள் சேர்ந்து வருவது. மீதிப் பாதி வீடும் தெருவும் நாமும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மாத்திரை தரும் ‘சுகம்’ குடிநோயாளிகளின் பிள்ளைகளுக்கு அதிகமா என்று கேட்டால் ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. டொமெனிக் சிராலோவின் குழு 1989-ல் மகன்களிடமும் 1996-ல் மகள்களிடமும் அல்பிரசோலத்தைக் கொடுத்துப் பார்த்தது. மனம் உற்சாகமாவது மற்றவர்களைவிட அவர்களுக்குத் தூக்கலாக இருந்தது. டையசெபத்தை வைத்துச் செய்த வேறு ஆய்வுகளில் இரு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கலந்துகொண்டவர்களோ கொஞ்சம் பேர். எனவே ‘அப்பா குடித்தால் பிள்ளை மாத்திரைக்கு அடிமை’ என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். அப்பா குடித்த எத்தனையோ பேர் ஒரு வாரம் மாத்திரை போட்டுவிட்டு மறந்தும் போகிறார்கள்.

நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். பைக்கில் பெட்ரோல் முள் கெட்டுப்போனால் வண்டியை விற்றுவிட மாட்டோம். முள்ளை நம்பாமல் கிலோமீட்டர் பார்த்துப் பெட்ரோல் போடுவோம். மற்றவர்களுக்குத் தலை சுற்றி, நாக்குக் குழறி, ‘போதும்’ என்று உடம்பே சொல்லிவிடும். எங்களைப் போன்றவர்களில் சிலருக்கு அந்த முள் தாமதமாக நகர்கிறது. ஆகவே ‘எனக்கு எப்படி இருக்கிறது’ என்பதை வைத்து அளவைக் கூட்டிக் குறைக்கும் எந்த வழியும் எனக்கு ஆகாது. அளவும் நிறுத்தும் தேதியும் வெளியிலிருந்து வர வேண்டும். இந்த ஒரு உரைகல்லில்தான் எல்லா வழிகளையும் உரசிப் பார்த்தேன்.

அல்பிரசோலமும் அதன் உறவினர்களும்

அல்பிரசோலம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போய்விடும். அதன் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் 11 மணி நேரம். சட்டென்று ஏறி, சீக்கிரம் இறங்கும் மருந்துதான் மனதில் ஆழமாகப் பதியும். ‘போட்டேன், சரியாச்சு’ என்று மூளை முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இறங்கும்போது வரும் படபடப்பு, பழைய நோயே திரும்பிவிட்டது போலத் தோன்றி அடுத்த மாத்திரைக்குக் கூப்பிடும். என் உரைகல்லில் அல்பிரசோலம் கடைசி இடம்.

குளோனசெபம் மெதுவாக இறங்கும். அதன் பாதி போக 30 முதல் 40 மணி நேரம்வரை ஆகும். இறங்கும்போது படபடப்புக் குறைவு, நிறுத்தும்போதும் கொஞ்சம் எளிது. ஆனால் மறுநாள் காலையும் உடம்பில் இருக்கும். முள் கெட்டவனுக்கு அதுதான் ஆபத்து: ‘எனக்கு ஒண்ணும் தெரியலையே’ என்று வண்டியை எடுப்பான். தள்ளாட்டம் தெரியவில்லை என்பதற்காகக் கவனமும் பிரேக் பிடிக்கும் வேகமும் கெடவில்லை என்று ஆகிவிடாது. டையசெபமும் இதே கதை. அதன் மிச்சம் நாள் கணக்கில் தேங்கும்.

எடிசோலம் என்று ஒன்று இருக்கிறது. ‘இது அந்தக் குடும்பம் இல்லை, லேசானது’ என்று சொல்லி வாங்கிப் போவார்கள். வேதியியல் பெயர் வேறு என்பது உண்மை. வேலை அதே ஏற்பியில்தான், அதே பழக்கமும் வரும்.

மில்லிகிராம் எண்ணைப் பார்த்து ஏமாறுவது தனிக் கதை. ‘0.5 தானே, சின்னது’ என்பார்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரைகளை விட முடியாமல் தவித்தவர்களுக்கென்றே கிளினிக் நடத்தியவர் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன். அவர் போட்ட கணக்கில் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம், டையசெபம் 10 மில்லிகிராமுக்குச் சமம். மற்ற அட்டவணைகள் இதைச் சற்றுக் குறைத்துச் சொல்லும்; எப்படிப் பார்த்தாலும் அது சின்ன மாத்திரை இல்லை.

இன்னொரு எச்சரிக்கை, கவுண்டர் அனுபவத்தில். இந்தக் குடும்பம் உங்கள் வீட்டில் வேறு பெயரில் ஏற்கெனவே இருக்கலாம். வயிற்றுப் பிரட்டலுக்கும் ஐபிஎஸ் என்ற குடல் தொல்லைக்கும் கொடுக்கும் ஒரு கலவை மாத்திரையில் குளோர்டையசெபாக்சைடு இருக்கிறது. படபடப்புக்கு என்று புரோப்ரனலாலோடு எடிசோலமோ அல்பிரசோலமோ சேர்த்து வருகிறது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்சிடாலோபிராமோடு குளோனசெபம் சேர்ந்த மாத்திரை நம் நாட்டில் வெகு சாதாரணம். இந்தக் கலவைகளில் எனக்குக் கோபமே உண்டு. எஸ்சிடாலோபிராமை மாதக்கணக்கில் தொடர வேண்டும், குளோனசெபத்தைச் சில வாரத்தில் நிறுத்த வேண்டும். இரண்டையும் ஒரே மாத்திரையில் பிசைந்து வைத்தால் ஒன்றை மட்டும் எப்படி நிறுத்துவது? அட்டையில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

அப்படியென்றால் இந்தக் குடும்பத்தையே ஒதுக்கிவிடலாமா? கூடாது. பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-லேயே 2 முதல் 4 வாரம் என்று எல்லை வகுத்தது. 2020-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தக் குடும்பம் முழுவதுக்கும், பழக்கமாகும், நிறுத்தும்போது தொல்லை தரும் என்று கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. அந்த எல்லைக்குள், எண்ணி வாங்கி, வேறொருவர் கையில் வைத்து எடுத்தால் சாவு வீட்டு வாரத்தில் இது உண்மையாகவே கை கொடுக்கும். தீ விபத்து வாளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், தினம் குளிக்கும் வாளி இல்லை.

சோல்பிடெம்

படுக்கப் போகும்போது போட்டால் 3 மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். தூக்கம் ‘பிடிக்காத’ ஆளுக்கு நல்லது. எனக்கு வந்தது போல 2 மணிக்கு விழிப்பவருக்கு அவ்வளவாக உதவாது. இது பென்சோடையசெபைன் (சுருக்கமாகப் பென்சோ) இல்லை என்றாலும் போய் உட்காருவது அதே காபா ஏற்பியின் ஒரு வகையில்தான். பெண்களின் உடம்பில் இது மெதுவாகக் கரைவதால் அமெரிக்காவில் 2013-ல் பெண்களுக்கான அளவை 10-லிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னார்கள். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்ற விபரீதங்களுக்காக 2019-ல் கட்டம் கட்டிய எச்சரிக்கையும் வந்தது. மது சேர்ந்தால் அந்த விபரீதம் கூடும். ‘லேசான மாத்திரை’ என்ற பெயருக்கு இது தகுதியானது என்று நான் நினைக்கவில்லை. அல்பிரசோலத்துக்கு ஒரு படி மேலே வைப்பேன், அவ்வளவுதான்.

எஸ்சிடாலோபிராம் வகை

இது வேறு பாதை. காபா பக்கமே போகாது, செரட்டோனின் வழியில் வேலை செய்யும். போட்டவுடன் எதுவும் தெரியாது. 2 வாரம், 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். முதல் ஒன்றிரண்டு வாரம் படபடப்புக் கூடலாம், வயிறு குமட்டலாம். தாம்பத்திய ஆசை குறைவது பலர் வெளியே சொல்லாத தொல்லை. டக்கென்று நிறுத்தினால் தலை கிறுகிறுக்கும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டும் என் உரைகல்லில் இதற்கு நல்ல இடம். காரணம், கவுண்டரில் இதை ‘ஒண்ணுமே தெரியல சார்’ என்று திட்டுபவர்கள் சொல்லும் அதே குறைதான். போட்டதும் ஏறாத மருந்தை யாரும் கூடுதலாகப் போட்டுப் பார்ப்பதில்லை. மாதக் கணக்காக, காரணமே இல்லாமல் பயமும் படபடப்பும் வந்து அதனால் தூக்கம் போகிறது என்றால், தூக்க மாத்திரை மூலத்தைத் தொடாது. இந்த வகைதான் தொடும். பஸ்பிரோன் என்ற மருந்தும் இதே மாதிரி மெதுவான, மயக்கம் தராத ஒன்று. நாளைக்கு இரண்டு மூன்று வேளை போட வேண்டியிருப்பதால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கோ பயம் நோயாக இல்லை. அப்பா போன துக்கம், கெட்டுப்போன தூக்கம், அவ்வளவுதான். அதனால் டாக்டரும் இதை எழுதவில்லை.

சில்லறை வழிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மெலட்டோனின், உடம்பின் கடிகாரம் தள்ளிப் போனவர்களுக்கு, இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் உதவும். துக்கத்தில் விழித்துக் கிடப்பவருக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சளி மாத்திரையை வைத்துத் தூங்குவது சில நாளில் வேலை செய்யாமல் போகும், மறுநாள் தலை கனக்கும், வயதானவர்களுக்குக் குழப்பம் வரும். புரோப்ரனலால் நெஞ்சுப் படபடப்பை அடக்கும், மனக் கவலையை இல்லை; ஆஸ்துமா இருந்தால் தொடவே கூடாது. அப்புறம் பெரியப்பா சொன்ன வைத்தியம்: “ஒரு கட்டிங் போட்டுட்டுப் படுடா, எல்லாம் சரியாயிடும்.” மது முதல் பாதி இரவில் தூங்க வைத்து, இரண்டாம் பாதியில் எழுப்பிவிடும். அதோடு மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகும். அப்பாவின் படத்துக்கு மாலை வாடாத வீட்டில் அவர் இதைச் சொன்னார்.

மாத்திரை இல்லாத சிகிச்சை

2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்களின் அமைப்பு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை இல்லை, தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் என்றது. பெயரைப் பார்த்தால் சோபாவில் படுத்துக் குழந்தைப் பருவத்தைப் பேசுவது போல இருக்கும். அப்படி இல்லை. ஒரு நோட்டும் அலாரமும் போதும்.

இரண்டு வாரம் தினமும் எழுதினேன்: எத்தனை மணிக்குப் படுத்தேன், எவ்வளவு நேரம் உண்மையில் தூங்கினேன், எப்போது எழுந்தேன். படுக்கையில் கிடந்தது 9 மணி நேரம், தூங்கியது ஐந்தரை. அந்த ஐந்தரை மணி நேரம்தான் இனிப் படுக்கை என்று முடிவு. காலை 5.30-க்கு எழுந்தே ஆக வேண்டும், எனவே நள்ளிரவு 12-க்கு முன் படுக்கக் கூடாது. தூக்கம் வராமல் 20 நிமிடம் போல ஆகிவிட்டது என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். கடிகாரம் பார்க்கக் கூடாது. பகலில் சாய்வது கிடையாது. படுக்கையில் கிடக்கும் நேரத்தில் 85 சதவீதமாவது தூங்கினால், அடுத்த வாரம் 15 நிமிடம் கூட்டிக்கொள்ளலாம்.

முதல் 10 நாள் நரகம். கடையில் நின்றுகொண்டே கண் சொக்கும். அந்த நாட்களில் பைக்கைத் தொடவில்லை, பஸ்ஸில்தான் போனேன். ஆறாவது வாரம் ஆறேகால் மணி நேரம் உடையாமல் தூங்கினேன். வலிப்பு நோய், இருமுனை மனநோய் இருப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்கள் முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும், அவர்களுக்குத் தூக்க மாத்திரையும் ஆகாது.

இதன் குறை, சொல்லித் தர ஆள் கிடைப்பது. சிறு ஊர்களில் மருத்துவ உளவியலாளர் அரிது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம், அங்கிருந்து வழி காட்டுவார்கள். என் உரைகல்லில் இதுதான் முதல் இடம். இதில் அளவைச் சொல்வது நோட்டு, நிறுத்தச் சொல்வது அலாரம். என் முள் எதைச் சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

இந்தக் கணக்குப் பொருந்தாத இடங்கள்

அறுவை சிகிச்சைக்கு முன் மிடசோலம் போட வந்தால், ‘என் அப்பா குடித்தார், எனக்கு வேண்டாம்’ என்று மறுக்காதீர்கள். அங்கே அளவைப் பார்ப்பது நீங்கள் இல்லை. விரலில் மாட்டிய கருவியும் மயக்க மருத்துவரும். ஒரு வேளை மருந்து, ஓர் அறை, ஒரு டாக்டர். குடும்ப வரலாற்றை அவரிடம் சொன்னால் போதும். நீங்களே தினம் குடிப்பவர் என்றால் அதை மறைக்கவே கூடாது, மயக்க மருந்தின் அளவே மாறும். வலிப்புக்குக் கொடுப்பதும், குடி நிறுத்தும் வார்டில் கொடுப்பதும் உயிர் காக்கும் மருந்து. அதில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்று, இதைப் படித்துவிட்டு, மாதக்கணக்கில் போட்டு வரும் பென்சோவை நாளைக்கே தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு போல, வாரக் கணக்கில் இறக்க வேண்டும். டாக்டர் இல்லாமல் செய்யும் வேலை இல்லை அது.

நான் டாக்டரிடம் திரும்பப் போய் அப்பாவைப் பற்றிச் சொன்னபோது, “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, வீட்டில் யாருக்காவது ஹார்ட் பிரச்சினை உண்டா என்று அன்று கேட்டார்கள். குடி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், 16-ஆம் நாள் காரியம் முடிந்த வாரத்தில், செத்தவரைப் பற்றி அதைச் சொல்லியிருப்பேனா தெரியாது. இந்த முறை அதைச் சொன்னேன், அரை மாத்திரையும் முழு மாத்திரையும் எதுவும் செய்யவில்லை என்பதையும் சொன்னேன். ‘ஏறவில்லை’ என்பதை ‘அளவு போதவில்லை’ என்று எடுத்துக்கொண்டு கூட்டிவிடாமல் இருக்க அது முக்கியம். 30 என்பதை அவர் அடித்தார். “அட்டையில் மிச்சம் இருக்கிறது போதும். அக்காகிட்ட கொடுத்து வைங்க. வாரத்துக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம், ஆறு வாரத்தோட சரி” என்றார்.

கடைக்காரன் என்ற முறையில் ஒன்று. அல்பிரசோலம், டையசெபம், சோல்பிடெம் எல்லாம் 2014 மார்ச் முதல் ஹெச்-1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் தரக் கூடாது. யாருக்கு, எத்தனை என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி “அதே டாக்டர்தான் தம்பி, ஒரு அட்டை மட்டும்” என்று கேட்பவர்களை மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். அப்படிக் கோபித்துக்கொண்டு போன ஒருவரை நான் இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். அவர் அப்பாவும் எங்கள் அப்பாவும் ஒரே கடையில் குடித்தவர்கள்.

அந்த ஆறு வாரத்தில் மூன்று முறைதான் அக்காவிடம் மாத்திரை கேட்டேன். பொங்கலுக்கு வந்தபோது அட்டையைத் திருப்பித் தந்தாள். ஐந்தரை மாத்திரை மிச்சம். அந்த அரையைக் கிழிந்த தாளுக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள்.

“டேட் இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. உங்க கடையிலயே திருப்பி எடுத்துக்குவாங்களாடா?”

“வெட்டின அட்டையை யாரும் திருப்பி எடுக்க மாட்டாங்கக்கா” என்றேன்.